கெட்ட செய்தி மாடி ஏறுகிறதா?

ஒரு இளம் பொறியாளரின் கேள்வி இது: "எங்கள் ரசாயன ஆலையில் சுமார் 400 பேர் வேலை செய்கிறோம். சேஃப்டி கமிட்டி இருக்கிறது. மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் வந்தால் உறுதிமொழி எடுக்கிறோம். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம். அப்படியும் மாதம் ஒருமுறை எங்காவது கசிகிறது, யாருக்காவது கை வெந்துபோகிறது. நிர்வாகம் 'பாதுகாப்புக் கலாசாரம் வளர வேண்டும்' என்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது?"

முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாக ரசாயன ஆலைகளில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பாதி உற்பத்திப் பிரிவில், பிற்பாதி சேஃப்டியில். புதிதாக ஒரு ஆலைக்குள் போனால் நான் போஸ்டர்களைப் படிப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, சி ஷிஃப்டில், ஒரு ஹெல்பர் ஏதோ சரியில்லை என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்தது பிளான்ட் மேனேஜர் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? போகிற வழியில் எத்தனை பேர் அதை மழுப்புவார்கள்? சொன்ன ஹெல்பருக்கு மறுநாள் என்ன நடக்கும்? இதற்கெல்லாம் உங்கள் ஆலையில் என்ன விடை கிடைக்கிறதோ அதுதான் அங்கே உள்ள கலாசாரம். மற்றதெல்லாம் சுவரில் அடித்த பெயின்ட்.

'பாதுகாப்புக் கலாசாரம்' என்ற சொல்லையே 1986 செர்னோபில் விபத்தை ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. உலை வடிவமைப்பில் கோளாறு, இயக்கியவர்கள் செய்த தப்பு என்று தனித்தனியாக எழுதிப் பார்த்தும் அவர்களுக்குக் கணக்கு முடியவில்லை. அந்தத் தப்புகள் தப்பாகவே படாத ஒரு சூழல் அங்கே இருந்திருக்கிறது; அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆனால் நாம் செர்னோபில் வரைக்கும் போக வேண்டாம். போபால் இருக்கிறது.

போபால் என்றதும் எல்லோருக்கும் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவுதான் நினைவுக்கு வரும். தொழிலில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது அதற்கு முந்தைய மூன்று வருஷம். 1981 டிசம்பரில் அந்த யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு குழு வந்து ஆலையைச் சோதித்து, குறைகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அதே வருஷம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தன் சிறிய இந்தி வார இதழில், இந்த ஊரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். தொழிற்சங்கமும் கத்திப் பார்த்தது. செய்திக்குப் பஞ்சமே இல்லை. அது மாடி ஏறிய நேரத்திலும் யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆலை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சிக்கொல்லி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அந்தப் பூச்சிக்கொல்லிக்கான மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷத் திரவத்தின் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் ஆனார்கள். இரவு ஷிஃப்டுக்கென்று இருந்த மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் பதவி எடுக்கப்பட்டது. அந்தத் திரவம் 39 டிகிரியில் கொதிக்கும், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வைத்திருக்க வேண்டும். 1984 ஜூனில் குளிரூட்டும் யூனிட்டை நிறுத்தினார்கள், அதிலிருந்த குளிரூட்டியை வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தொட்டியின் வெப்பம் 11 டிகிரியைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். குளிரூட்டல் இல்லாத தொட்டி போபால் வெயிலில் எந்நேரமும் அதற்கு மேலேதான் இருக்கும். ஓயாமல் அடிக்கும் அலாரத்தை எந்த ஆபரேட்டர் விட்டுவைப்பார்? அதுவும் போயிற்று. மின்சாரத்தைச் சிக்கனம் பிடிக்க எடுத்த முடிவு, யாரும் கையெழுத்துப் போடாமலே எச்சரிக்கை மணியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இன்னொரு பக்கம் வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் ஓடாமல் நின்றது. எரித்துத் தீர்க்க வேண்டிய ஃப்ளேருக்குப் போகும் குழாய் அரித்துப்போய்க் கழற்றிக் கிடந்தது. தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை அமுக்கும் ஏற்பாடு, வாயு வெளியேறும் உயரத்தை எட்டவே எட்டாது. அவசரத்துக்குக் காலியாக இருக்க வேண்டிய தொட்டியும் காலியாக இல்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லியிருப்பார்கள். பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம், உற்பத்தியே நின்றுவிட்டதே, இப்போது என்ன அவசரம். இந்தக் கடைசி நியாயம்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. அக்டோபர் கடைசியோடு அந்தத் திரவத்தைத் தயாரிப்பது நின்றிருந்தது. உற்பத்தி நின்றால் ஆபத்தும் நின்றுவிட்டதாக ஒரு நினைப்பு. 610-ஆம் எண் தொட்டியில் 40 டன்னுக்கு மேல் கிடந்தது.

அன்று இரவு 10.20-க்கு அந்தத் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 10.45-க்கு ஷிஃப்ட் மாறியது. 11 மணிக்குப் புதிய ஆள் பார்க்கையில் 10 பவுண்டு. இரண்டுமே அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான். நாற்பதே நிமிஷத்தில் ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை, முந்தைய கணக்கு முந்தைய ஆளோடு போய்விட்டது. 11.30 வாக்கில் கண் எரிந்தது. அங்கே கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியே தொழிலாளியின் கண்தான். எரிந்தது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்கள், டீ முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று ஆயிற்று. டீ முடிந்து 12.40-க்கு எழுந்தபோது முள் எல்லையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது.

டீ குடித்தவர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். வருஷக்கணக்கில் கண் எரிந்து, ஒவ்வொரு தடவையும் ஒன்றும் ஆகாமல் போன இடத்தில் நின்றிருந்தால் நானும் டீயைத்தான் குடித்திருப்பேன். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துதான் அந்தத் திரவம் சூடேறிப் பொங்கியது. அந்தத் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் குழாய் கழுவியபோது என்று தொழிலாளர் தரப்பும், எவரோ வேண்டுமென்றே விட்டார் என்று கம்பெனியும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. தண்ணீர் எப்படி வந்திருந்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க வைத்த தடுப்பு ஒவ்வொன்றும் அதற்குப் பல மாதம் முன்பே படுத்துவிட்டது. அரசு உறுதிசெய்த சாவுக் கணக்கு 3,787. உண்மையில் அதைவிட மிக அதிகம் என்கிறார்கள் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள். உடம்பு கெட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இதிலிருந்து உங்கள் ஆலைக்கு நான் சொல்லும் முதல் வேலை வந்துவிடுகிறது. இந்த நிமிஷம் உங்கள் ஆலையில் எது எது வேலை செய்யவில்லை என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். பைபாஸ் செய்த இன்டர்லாக் (ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு), மியூட் செய்த அலாரம், கழற்றி வைத்த ரிலீஃப் வால்வு (அழுத்தம் ஏறினால் திறந்துவிடுவது), ஓடாத ஃபயர் பம்ப், உண்மையைச் சொல்லாத கேஜ். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எப்போதிலிருந்து, யார் சொல்லி, எந்தத் தேதிக்குள் சரியாகும், அதுவரைக்கும் பதிலுக்கு என்ன ஏற்பாடு என்று இருக்க வேண்டும். தேதி தாண்டினால் பிளான்ட் மேனேஜர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், அவருக்குக் கீழே யாரும் போடக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் இப்படி எழுதப் போனேன். ஒரு லெவல் சுவிட்சின் பேனலைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டு வயர், சுவிட்சைத் தாண்டிப் போகும்படி ஜம்பர் போட்டிருக்கிறார்கள். வயரின் மேல் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. யார் போட்டது என்று கேட்டேன். எலக்ட்ரிகல் ஃபோர்மேன் சிரித்தபடி, "நான் இங்க சேரும்போதே அது இருந்துச்சு சார்" என்றார். அவர் சேர்ந்து ஒன்பது வருஷம்.

அடுத்து, வாசலில் தொங்கும் அந்தப் பலகை. "விபத்தில்லா நாட்கள்: 612" என்று எழுதி ஒவ்வொரு நாளும் எண்ணை மாற்றுவார்கள். எனக்கு அந்தப் பலகை மேல் தனிக் கோபம் உண்டு. நான் வேலை பார்த்த இன்னொரு இடத்தில் ஒரு ஃபிட்டருக்கு விரல் நுனி நசுங்கிவிட்டது. மறுநாள் அவர் லீவு எடுத்தால் பலகை பூஜ்யத்துக்குப் போகும், வருஷக் கடைசியில் கொடுக்கும் பரிசுப் பாத்திரம் மொத்த டிபார்ட்மென்டுக்கும் போய்விடும். கம்பெனி ஜீப் அனுப்பி அவரைக் கூட்டிவந்தார்கள். பெரிய கட்டோடு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, இடது கையால் ஏதோ ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பலகையில் எண் ஒன்று கூடியது. அந்த மெஷினில் கை போகாமல் தடுக்கும் மூடி இல்லாதது ஆறு மாதம் கழித்து இன்னொருவர் விரல் போன பிறகுதான் வெளியே வந்தது. இரண்டாமவரை மறைக்க முடியவில்லை.

விரல் கணக்குக்கும் பெருவிபத்துக்கும் சம்பந்தம் குறைவு. அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டியில் பிபி கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23 அன்று வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயம்பட்டார்கள். பிறகு ஆராய வந்த பேக்கர் குழு 2007-இல் சொன்னதன் சாரம் இதுதான்: கை கால் காயங்கள் குறைந்ததைப் பார்த்து, ஆலையின் தொட்டிகளும் கோபுரங்களும்கூடப் பத்திரமாக இருக்கின்றன என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டது. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபோது, அந்தத் துளையிடும் மேடையில் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். வேலை நாள் இழப்பு ஏற்படுத்தும் விபத்து இல்லாமல் ஏழு வருஷம் ஓட்டியதற்காக வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அவர்கள்.

டெக்சாஸ் சிட்டியில் இறந்தவர்கள் கோளாறு நடந்த பிரிவில் வேலை செய்தவர்கள் இல்லை. பக்கத்தில் போட்டிருந்த டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த காண்ட்ராக்ட் ஆட்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராணிப்பேட்டை சிப்காட் ஞாபகம் வரும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. ஒட்டியிருந்த தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சகதியில் புதைந்து செத்தார்கள், பெரும்பாலும் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் யார் தூங்குகிறார்கள், எந்த ஷெட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் மதியமும் ஒரு நாள் நடுராத்திரியும் உங்கள் ஆலையைச் சுற்றி வாருங்கள். ஹெல்மெட் அபராதத்தைவிட அது பிரயோஜனம்.

பலகையில் எதை எழுதுவது என்று கேட்பீர்கள். போன மாதம் எத்தனை நியர் மிஸ் (விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியவை) சொன்னார்கள், அதில் எத்தனைக்கு வேலை முடிந்தது, காலாவதியான பைபாஸ் எத்தனை, சோதிக்க வேண்டிய தேதி தாண்டிய ரிலீஃப் வால்வு எத்தனை. எண் பெரிதாக இருந்தால் பயப்படாதீர்கள். 400 பேர் வேலை செய்யும் ஆலையில் ஒரு மாதம் முழுக்க நியர் மிஸ் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தால் நான் அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பார்ப்பேன்.

பெர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். பல ஆலைகளில் ஒர்க் பெர்மிட், அதாவது வேலை தொடங்க அனுமதிச் சீட்டு என்பது காலை ஒன்பதரைக்கு ஒரு கத்தையாகக் கையெழுத்தாகும் காகிதம். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 அன்று எரிந்து 167 பேர் இறந்ததன் ஆரம்பம் இந்தக் காகிதத்தில்தான். ஒரு பம்பின் ரிலீஃப் வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். வேலை அன்று முடியவில்லை, திறந்த இடத்தில் ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்சை (மூடித் தகடு) வைத்துவிட்டுப் போனார்கள். சொல்ல வேண்டிய ஆள் வேறு வேலையாக இருந்ததால் நேரில் சொல்லாமல் பெர்மிட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தார்கள். ராத்திரி இன்னொரு பம்ப் நின்றது. ஷிஃப்டில் இருந்தவர்கள் தேடியதில் கையில் கிடைத்தது வால்வு கழற்றிய பம்புக்கான வேறொரு பெர்மிட், அதன்படி வேலை தொடங்கவே இல்லை. சரி, ஓட்டலாம் என்று அந்தப் பம்பை ஓட்டினார்கள், மூடிய இடம் கசிந்து தீப்பிடித்தது.

அந்த விபத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் வேறு. பக்கத்து மேடைகளான டார்ட்டனும் கிளேமோரும் பைப்பர் எரிவதைத் தெரிந்தும், அதே குழாய் வலைக்குள் எண்ணெயையும் வாயுவையும் தள்ளிக்கொண்டே இருந்தன. அவற்றின் பொறுப்பாளர்களுக்குக் கரையிலிருந்து உத்தரவு வேண்டும், நிறுத்தினால் திரும்பத் தொடங்க ஆகும் செலவு அவர்கள் தலையில் உட்கார்ந்திருந்தது. உங்கள் ஆலையில் சி ஷிஃப்ட் இன்சார்ஜ் யாரையும் கேட்காமல் பிளான்ட்டை நிறுத்தலாமா? "நிறுத்தலாமே, எழுத்திலேயே இருக்கு" என்பீர்கள். போன மூன்று வருஷத்தில் எத்தனை முறை நிறுத்தினார், நிறுத்திய மறுநாள் காலை மீட்டிங்கில் அவரிடம் என்ன கேட்டார்கள்? "ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று யாராவது கேட்டிருந்தால், எழுத்தில் இருப்பதை அந்த ஒரு வாக்கியம் அடித்துவிட்டது. தவறாகவே நிறுத்தியிருந்தாலும், 200 டிரம் பேட்ச் பாழாகியிருந்தாலும், எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பல் கடித்துக்கொண்டாவது சொல்ல வேண்டும். ஆலை முழுக்க அந்தக் கதை ஒரு வாரம் ஓடும். ஐம்பது டிரெய்னிங் கிளாஸுக்குச் சமம்.

பெர்மிட்டுக்கு என் மருந்து எளிது. கையெழுத்துப் போடுபவர் அந்த இடத்துக்கு நடந்து போய், வேலை செய்யப்போகும் ஆள் முன்னால் நின்றுதான் போட வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு 40 பெர்மிட் போட முடியாது, 15 தான் முடியும் என்றால் அந்த ஆலை ஒரு நாளைக்கு 15 வேலைதான் பத்திரமாகச் செய்ய முடியும் என்று அர்த்தம். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு இன்சார்ஜும் லாக் புக்கை நடுவில் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு ஓவர்டைம் கொடுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மனிதர் 2 பவுண்டு, 10 பவுண்டு கதையெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார்.

நிறுத்திய ஆலையைத் திரும்பத் தொடங்கும் நேரம் தனி ஆபத்து. டெக்சாஸ் சிட்டியும் அப்படித் தொடங்கும்போது நடந்ததுதான். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கு, ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஸ்டைரீன் சும்மா கிடந்தாலே தானாக இறுகிச் சூடாகும் சரக்கு, அதற்குத் தடுப்பு ரசாயனம் கலக்க வேண்டும், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு பார்த்தபோது, குளிரூட்டல் பகலில் மட்டும் ஓடியிருக்கிறது. தடுப்பு ரசாயனம் போதவில்லை. வெப்பமானி தொட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும், மேலே எரிந்துகொண்டிருந்த சூடு எங்கும் தெரியவில்லை. சைரனை அழுத்த 36 இடங்கள் இருந்தன. ஒன்றையும் யாரும் அழுத்தவில்லை. போபால் நடந்து 35 வருஷம் ஆன பிறகு நம் நாட்டில் மறுபடியும் அணைத்து வைத்த குளிரூட்டல், மறுபடியும் உற்பத்தி இல்லாத தொட்டி.

அதே நாளில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் ஒரு பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொரு யூனிட்டின் பாய்லர் வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 15-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காண்ட்ராக்ட் தொழிலாளிகள் அதில் அதிகம். முதல் விபத்தின் விசாரணை அறிக்கை என்பது பக்கத்து யூனிட்டில் வேலை செய்பவரின் கைக்குப் போக வேண்டிய பொருள். நம் ஊரில் அது ஃபைலுக்குத்தான் முதலில் போகிறது. விசாரணை என்றாலே யார் தப்பு என்று தேடும் பழக்கம் வேறு. "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று முடியும் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கவனக்குறைவு வராத மனிதர் கிடையாது, ஒரு ஆள் அசந்தால் ஏன் ஆலையே போகும்படி வைத்திருந்தீர்கள் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லவில்லை. தெரிந்தே பூட்டை உடைத்து பம்பை ஓட்டியவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். நடந்ததைத் தானாக வந்து சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. இந்தக் கோடு எங்கே என்று ஆலையில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மேலிடத்தைப் பற்றி ஒரு உதாரணம் போதும். பால் ஓ'நீல் 1987-இல் அல்கோவா அலுமினியக் கம்பெனியின் தலைவரானதும் லாபத்தைப் பேசாமல் தொழிலாளி பாதுகாப்பைத்தான் முதலில் பேசினார் என்று எல்லா மேனேஜ்மென்ட் வகுப்பிலும் சொல்வார்கள். பேசுவது யாராலும் முடியும். 1996-இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் உங்கள் ஆலையில் தொழிலாளிகள் வாயுவால் பாதிக்கப்படுகிறார்கள் என்றார். ஓ'நீல் முதலில் மறுத்தார். ஆள் அனுப்பி விசாரித்தபோது நடந்தது உண்மை. அங்கேயே சரிசெய்துவிட்டார்கள், ஆனால் மேலே சொல்லவில்லை. அந்தப் பிரிவின் தலைவர், பல வருஷம் லாபம் ஈட்டித் தந்தவர், வேலையை இழந்தார். வாயு கசிந்ததற்காக இல்லை, செய்தி கசியாமல் பார்த்துக்கொண்டதற்காக.

காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இன்று தமிழ்நாட்டு ஆலைகளில் தொட்டிக்குள் இறங்குபவர், சாரத்தில் ஏறுபவர், ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) திறப்பவர் பெரும்பாலும் பீகாரோ ஒடிசாவோ ஜார்க்கண்டோ. போர்டு தமிழில், நடைமுறைக் குறிப்பு ஆங்கிலத்தில். போபாலிலும் இயக்கக் கையேடு ஆங்கிலத்தில்தான் இருந்தது. வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புப் பேச்சில் தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இந்த வேலையில் நீ எப்படிச் சாவாய், சொல்லு பார்ப்போம்" என்று அவர் மொழியில் கேட்டு, அவர் வாயால் சொல்ல வையுங்கள். பதில் சரியாக வந்தால் வேலை. இன்னொன்று, வேலையை நிறுத்தினால் கூலி போகும் ஆள் எதையும் நிறுத்த மாட்டார். சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 40 பேர் அளவில் இறந்த பட்டாசு விபத்தானாலும், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆண்டுதோறும் நடப்பவையானாலும், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் படிக்கிறோம். உள்குத்தகை, எண்ணிக்கைக்குக் கூலி, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆட்கள், மரத்தடியில் வெடிமருந்து. அந்த மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மருந்து உரசினால் என்ன ஆகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, மெதுவாகச் செய் என்று புத்தி சொல்வதில் பொருள் இல்லை. பாதுகாப்புக்காக நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று காண்ட்ராக்டில் எழுதுங்கள், பாதி வகுப்பு தேவைப்படாது.

சட்டம் உங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் இடம்பெறும் பாதுகாப்புக் கமிட்டியையும், உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் சொல்லும் உரிமையையும் சேர்த்தார்கள். 2020-இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. உங்கள் ஆலையில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். கமிட்டி மினிட்ஸையும் ஒரு வருஷத்துக்குப் புரட்டுங்கள். "கேன்டீன் தட்டு சுத்தமாக இல்லை" என்பதற்கு மேல் எதுவும் இல்லையென்றால், கமிட்டியில் பேசுபவர்கள் எதைப் பேசலாம் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மாக் டிரில் என்ற விபத்து ஒத்திகையையும் ஒரு முறை ஞாயிறு ராத்திரி வையுங்கள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜூஸ் பாக்கெட் தயாராக இருக்கும் டிரில்லில் எல்லோரும் பாஸ்தான். சைரன் எங்கே இருக்கிறது, அதை அழுத்த யாருக்கு அதிகாரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சுவருக்கு வெளியே குடியிருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். குடியிருப்பவர்களையும் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடைசி வரி, எங்கிருந்து தொடங்குவது. நீங்கள் இளம் பொறியாளர், பட்ஜெட் உங்கள் கையில் இல்லை. பரவாயில்லை. வாரத்தில் ஒரு நாள் சி ஷிஃப்டுக்குப் போங்கள், ஃபைல் இல்லாமல், கேமரா இல்லாமல். வேலை செய்பவர்களிடம் ஒரே கேள்வி: "போன வாரம் இங்க உங்களுக்கு எது பயமா இருந்துச்சு?" முதல் வாரம் "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஓகே" என்பார்கள். இரண்டாம் வாரமும் அதையேதான். நான் இப்படிப் போன ஆலையில் நாலாவது வாரம்தான் ஒரு பெரியவர், "ரியாக்டர் பின்னாடி படிக்கட்டுல பல்பு எரியல சார், ரெண்டு மாசமாச்சு, இருட்டுல டிரம்மத் தூக்கிட்டு இறங்குறோம்" என்றார். என்னைச் சோதிக்கத்தான் சொன்னார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நானே எலக்ட்ரீஷியனுடன் நின்று அந்தப் பல்பை மாற்றினேன். அடுத்த வாரம் அவர் என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, கண்டென்சர் பக்கம் கூட்டிப்போய், காப்புத் துணிக்கு அடியில் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபிளாஞ்சைக் காட்டினார்.